யார் தட்டிய கட்டளை இது?

சர்வரில் கோளாறு என்று அழைப்பு வந்தால், போய் உட்காரும் தொழில்நுட்பவியலாளர் முதலில் தட்டும் கட்டளைகளில் ஒன்று ‘ஹிஸ்டரி’. நேற்று யார் எந்தச் சேவையை நிறுத்தினார், எந்தக் கோப்பைத் திருத்தினார், எந்த அனுமதியை மாற்றினார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் கிடக்கும் என்பது அவரது எதிர்பார்ப்பு. சிலவகைப் பேக்கப் மென்பொருள்கள் வந்துபோகும் லினக்ஸ் சர்வர்களில் அந்த எதிர்பார்ப்பு வீணாகிறது. திரையில் வந்து கொட்டுவது நூற்றுக்கணக்கான வரிகள். இயங்குதளம் எது என்று கேட்கும் ஒரு வரி, தான் எந்தப் பயனராக உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்கும் ஒரு வரி, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்கும் ஒரு வரி. பிறகு ஒரு தற்காலிக அடைவை உருவாக்கி, அதில் ஒரு நிரலை இறக்கி, இயக்கி, அழித்துவிட்டுப் போகும் வரிகள். மறுபடியும் அதே வரிசை. அதற்கும் மேலே அதே வரிசை. மனிதர் தட்டிய கட்டளைகள் இவற்றுக்கிடையே எங்கோ புதைந்திருக்கின்றன, அல்லது இல்லவே இல்லை. பேக்கப் மென்பொருள் விமர்சனங்கள் வேகத்தையும் சுருக்கும் திறனையும் விலையையும் அளந்து மதிப்பெண் போடுகின்றன; இந்தக் குணத்தை அநேகமாக யாரும் அளப்பதில்லை. அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நிர்வாகியின் கட்டளை வரலாற்றில் தன் வேலையை எழுதிவைத்துவிட்டுப் போகும் பேக்கப் மென்பொருள், எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் சரியாகச் செய்யப்பட்ட பொருள் அல்ல. அதைத் திருத்தும் பொறுப்பு அதைச் செய்து விற்பவருடையது. வாங்கியவரின் தலையில் அதைச் சுமத்துவது நியாயமில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், தவிர்க்க முடியாத ஒன்றல்ல என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுவது பாஷ் என்ற ஷெல். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்டது. பல ஆண்டுகளாகச் செட் ரமே பராமரித்து வருகிறார். எல்லாக் கட்டளைகளையும் பாஷ் நினைவில் வைப்பதில்லை. உள்ளீடும் பிழை வெளியீடும் ஒரு முனையத்தோடு இணைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறது. இணைந்திருந்தால் எதிரே மனிதர் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு வரலாற்றைச் சேமிக்கிறது. முனையம் இல்லையென்றால், அல்லது நிறைவேற்ற வேண்டிய கட்டளை தொடக்கத்திலேயே கையில் கொடுக்கப்பட்டிருந்தால், எதையும் எழுதுவதில்லை. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் நெறிமுறையும் இதே வேறுபாட்டை அறியும். 2006இல் வெளியான ஆர்எஃப்சி 4254 ஆவணம் ஓர் இணைப்புக்குள் மூன்று வகைக் கோரிக்கைகளை வரையறுக்கிறது: ஊடாட்ட ஷெல் ஒன்றைத் திற, இந்த ஒரு கட்டளையை நிறைவேற்று, இந்தத் துணை அமைப்பைத் தொடங்கு. முதலாவது மனிதருக்கு. மற்ற இரண்டும் நிரல்களுக்கு வசதியானவை. வரலாற்றை நிரப்பும் பேக்கப் மென்பொருள்கள் செய்வது இதுதான்: பொய்யாக ஒரு முனையத்தைக் கேட்டு வாங்கி, முதலாவது வழியால் நுழைந்து, மனிதர் விசைப்பலகையில் தட்டுவதுபோல் ஒவ்வொரு வரியாக அனுப்பி, திரையில் வரும் பதிலை வாசித்து அடுத்த வரியைத் தீர்மானிக்கின்றன. பாஷ் ஏமாறவில்லை. அதற்குச் சொல்லப்பட்டதை அது நம்புகிறது.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் உபுண்டுவோ டெபியனோ நிறுவி, முழு அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கின் பாஷ் ஹிஸ்டரி கோப்பைக் காலியாக்கிவிட்டு, பேக்கப்பை ஒரு தடவை ஓடவிட்டு, கோப்பில் எத்தனை வரிகள் சேர்ந்தன என்று எண்ணினால் போதும். ஆர்சிங்க்கை இப்படிச் சோதித்தால் ஒரு வரியும் சேராது. 1996இல் அண்ட்ரூ ட்ரிட்ஜெலும் போல் மெக்கரஸும் வெளியிட்ட அந்தக் கருவி, மறுமுனையில் தன்னையே ஒரு கட்டளையாக இயக்கச் சொல்லி, மிச்சப் பேச்சையெல்லாம் தன் சொந்த நெறிமுறையில் வைத்துக்கொள்கிறது. போர்க் பேக்கப்பும் அப்படித்தான். மறுமுனையில் ‘போர்க் சேர்வ்’ என்ற ஒரே கட்டளையைக் கேட்கிறது. ரெஸ்டிக் எஸ்எஃப்டிபி துணை அமைப்பு வழியாக எழுதினால் ஷெல் என்ற பேச்சே எழாது. பக்கூலா தன் கோப்புச் சேவையை ஒவ்வொரு சர்வரிலும் நிரந்தரமாக ஓடவிட்டு அதனோடு நேரடியாகப் பேசுகிறது. புரொக்ஸ்மொக்ஸ் போன்ற மெய்நிகராக்கத் தளங்கள் சர்வரின் உள்ளே நுழையாமலே வட்டைப் படம் பிடிக்கின்றன; கோப்பு முறைமையைக் கணநேரம் உறையவைக்க வேண்டுமென்றால் கெமு விருந்தினர் முகவர் அதைச் செய்கிறது, யாரும் உள்நுழைவதில்லை. சர்வரிலேயே கிரோன் என்ற நேர அட்டவணைச் சேவை வழியாக ஓடும் சிறு நிரலும் வரலாற்றில் எதையும் விடாது. இவற்றில் பெரும்பாலானவை கட்டணமற்ற திறந்தமூலக் கருவிகள். தன்னார்வலர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே சரியாகச் செய்துவைத்த ஒரு விடயத்தை, உரிமக் கட்டணம் வாங்கும் பொருள் ஒன்று தவறாகச் செய்யும்போது ‘அது சின்ன விடயம்’ என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

சின்ன விடயமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பாஷ் வரலாற்றுக்கு எல்லை உண்டு. எதையும் மாற்றாவிட்டால் 500 வரிகள். டெபியனில் ரூட் கணக்குக்கு அநேகமாக இந்த 500தான். உபுண்டுவின் வழமையான அமைப்பு கோப்பில் 2000 வரிகள் வரை வைக்கிறது. ஒரு பேக்கப் ஓட்டம் 40 வரிகளை விட்டுச்செல்கிறது என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இரவுக்கு ஒரு தடவை ஓடினால் 500 வரிக் கோப்பு இரண்டு வாரத்துக்குள் முழுக்க இயந்திரத்தின் வரிகளாகிவிடும். கணக்குப் பதிவுத் தரவுத்தளம் போன்றவற்றுக்கு மணிக்கு ஒரு தடவை பேக்கப் எடுப்பது வழக்கம். அப்படியானால் அதே கோப்பு பதின்மூன்று மணிநேரம் தாங்காது, 2000 வரிக் கோப்பு இரண்டு நாட்களைச் சற்றே தாண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் செய்த மாற்றத்தைத் திங்கட்கிழமை காலை தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே இது வரலாற்றை அசிங்கமாக்குகிறது என்ற மனக்குறை மட்டுமல்ல. ஒவ்வொரு புதிய வரியும் ஒரு பழைய வரியை வெளியே தள்ளுகிறது, தள்ளப்படுவது மனிதரின் வரி.

மின்சாரம் தடைப்படும் நாட்டில் மனிதரின் வரிக்கும் இயந்திரத்தின் வரிக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் மோசம். பாஷ் தன் வரலாற்றைக் கோப்பில் எழுதுவது ஷெல் மூடப்படும்போதுதான். அதுவரை எல்லாம் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால்கூட அது விழித்துக்கொண்டு எழுதிவிடும், ஆனால் இயந்திரமே அணைந்தால் எழுத வழியில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் இருண்டது. யூபிஎஸ் தீர்ந்து சர்வர் திடீரென்று அணையும்போது, பல மணிநேரம் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்த மனிதரின் அமர்வு எழுதப்படாமலே போய்விடும். பேக்கப் மென்பொருளின் அமர்வுகளோ சில நிமிடங்களில் முறையாகத் தொடங்கி முறையாக முடிபவை, அதனால் அவை அநேகமாக எல்லாமே பதிவாகிவிடுகின்றன. காப்பாற்ற வேண்டியதைத் தவறவிட்டு, வேண்டாததைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு கோப்பாக வரலாறு மாறிவிடுகிறது.

பெரிய தரவு மையங்களில் இதன் இழப்பு குறைவு. அங்கே மாற்றங்களுக்கு அனுமதிப் படிவம் உண்டு, தனிப்பட்ட பதிவுச் சர்வர் உண்டு, பணிமுறைக்கு ஆட்கள் உண்டு. கண்டியிலிருந்து வடக்கே ஏ9 வீதி வழியாகக் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, அலவத்துகொட, மாத்தளை என்று போனால் காணும் நிலைமை வேறு. இந்த ஊர்களின் வியாபார நிலையம், மருந்தகம், தனியார் கல்வி நிலையம், கூட்டுறவு வங்கி போன்ற இடங்களில் சர்வர் என்பது பின்னறையில் இருக்கும் ஒரு பெட்டி. அதைப் பார்த்துக்கொள்பவர் அதே வீதியில் பல இடங்களுக்குப் போய்வரும் ஒருவராகவே பெரும்பாலும் இருப்பார். என்ன செய்தேன் என்று எழுதிவைக்க அவருக்கு நேரமும் இல்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தகவல் தொழில்நுட்பம் தெரிந்த பலர் வெளிநாடு போய்விட்டார்கள் என்பது நாடறிந்த விடயம். அப்படி ஒருவர் வளைகுடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ கிளம்பிப் போனபின், அடுத்து வருபவருக்குக் கிடைக்கும் கையளிப்பு ஆவணம் ரூட் கணக்கின் வரலாறு ஒன்றுதான். பிரிண்டர் ஏன் இந்த முகவரியில் இருக்கிறது, தீச்சுவரில் இந்தத் துளை எதற்கு, தரவுத்தளத்தை எந்தக் கட்டளையால் பழுதுபார்த்தார் என்று அறிய வேறு வழியில்லை. அந்த ஒரே ஆவணத்தின் மீது இரவு தோறும் நாற்பது வரிகளை எழுதிவிட்டுப் போகும் பொருளைத்தான் ‘நிறுவிவிட்டால் மறந்துவிடலாம்’ என்று விற்கிறார்கள்.

ஆனால் பேக்கப்பையே குறைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு இதிலிருந்து யாரும் போய்விடக் கூடாது. அதுவும் கண்டி மாவட்டத்தில். கனமழை வந்தால் பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகரில் ஏ9 வீதியே நீரில் மூழ்குவது பல தடவை நடந்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பட்ட சேதம் பெரிது. தரைத்தளக் கடையில் இருக்கும் சர்வரின் ஒரு பிரதி வேறோர் ஊரில் இருந்தே ஆகவேண்டும். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் முகில் சேவை மீது நடந்த கப்பக்கோரல் தாக்குதல் வேறொரு பக்கத்திலிருந்து இதையே காட்டியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஜிஓவி டொட் எல்கே மின்னஞ்சல்களைப் பயன்படுத்திய அலுவலகங்கள் அந்த ஆண்டின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்ததாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உறுதிப்படுத்தியது. அந்தக் காலப்பகுதிக்குப் பேக்கப் இருக்கவில்லை. அது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சார்ந்த அமைப்பு, லினக்ஸ் ஷெல் விவகாரம் அல்ல. ஆனாலும் பேக்கப் என்பது விருப்பத்துக்கு விடக்கூடிய ஒன்றல்ல என்பதற்கு இந்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பேக்கப் கட்டாயம் என்பதால்தான் அதைச் செய்யும் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சம்பவம் இந்த வாதத்துக்கு மிக நெருக்கமானது. 2021இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அரசாங்க முகிலிலிருந்து அழிந்துபோயின. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது, கைதுகள் நடந்தன, விடயம் நீதிமன்றம் வரை போனது. இத்தகைய விசாரணை ஒவ்வொன்றிலும் முதலில் எழும் கேள்வி, இந்தக் கட்டளையை யார், எந்தக் கணக்கிலிருந்து, எப்போது கொடுத்தார் என்பதுதான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் ஒருவரைக் குற்றஞ்சாட்ட வேண்டுமென்றாலும், குற்றமற்ற ஒருவரை அதிலிருந்து விடுவிக்க வேண்டுமென்றாலும் அந்தக் கேள்விக்குப் பதில் தேவை. ரூட் கணக்கில் மனிதரும் மென்பொருளும் ஒரே கோப்பில் எழுதியிருந்தால் அந்தப் பதில் கலங்கிவிடும். ‘அந்த அழிப்புக் கட்டளை என்னுடையதல்ல, பேக்கப் மென்பொருளுடையது’ என்று ஒருவர் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். பேக்கப் மென்பொருளும் ஒவ்வோர் இரவும் தற்காலிக அடைவுகளை அழிக்கிறதே.

அதைவிடப் பயங்கரமான சாத்தியம் ஒன்று உண்டு, பேக்கப் உலகில் அது கற்பனையும் அல்ல. எல்லாச் சர்வர்களின் ரூட் கடவுச்சொற்களையும் வைத்திருக்கும் பேக்கப் சர்வர் தாக்குவோருக்கு முதன்மையான இலக்கு. 2023 மார்ச்சில் வீம் நிறுவனம் தன் பேக்கப் பொருளில் சிவிஇ-2023-27532 என்ற ஓட்டையை அடைத்தது. உள்நுழையாமலே ஒருவர், அமைவுத் தரவுத்தளத்தில் சேமித்துவைத்திருந்த மறையாக்கம் செய்த கடவுச்சொற்களைப் பெற அது இடங்கொடுத்தது. பின்னர் கப்பக்கோரல் கும்பல்கள் அதைப் பயன்படுத்தின. அதே பொருளில் 2024இல் வெளிப்பட்ட சிவிஇ-2024-40711ஐ அகிரா, ஃபொக் கும்பல்கள் பயன்படுத்தின. திருட்டுக் கடவுச்சொல்லோடு வருபவர் எப்படித் தோன்றுவார் என்று எண்ணிப் பாருங்கள். பேக்கப் சர்வரின் முகவரியிலிருந்து வருவார், பேக்கப் பயன்படுத்தும் கணக்கிலேயே நுழைவார். இயங்குதளம் எது, வட்டில் என்ன இருக்கிறது என்று அவரும் முதலில் அதே கேள்விகளைத்தான் கேட்பார். அவர் தட்டும் பத்து வரிகள், ஏற்கெனவே அதே சாயலில் நூற்றுக்கணக்கில் குவிந்திருக்கும் வரிகளுக்கு நடுவே போய் விழும். வரலாறு சுத்தமாக இருந்திருந்தால் அந்தப் பத்து வரிகளும் பளிச்சென்று கண்ணில் பட்டிருக்கும்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது இதுதான்: வரலாறு ஒரு வசதி, தணிக்கைப் பதிவு அல்ல, பயனர் நினைத்தால் அழிக்கவும் மாற்றவும் முடிந்த கோப்பு அது, தணிக்கை வேண்டுமென்றால் லினக்ஸின் தணிக்கைச் சேவையான ஓடிட்டியை இயக்கி, ஒவ்வொரு நிரல் இயக்கத்தையும் பதிவுசெய்து, வேறொரு சர்வருக்கு அனுப்புங்கள். இதில் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் சரி. நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய சான்றை பாஷ் ஹிஸ்டரியில் தேடக்கூடாது. ஓடிட்டி, ரூட் அதிகாரத்தோடு கட்டளை இயக்க உதவும் சூடோவின் பதிவு, உள்நுழைவுகளைக் குறிக்கும் ஓத் பதிவு ஆகியவையே முதன்மை. ஆனால் ஒரு கருவி சட்டச் சான்றாகத் தகுதி பெறவில்லை என்பதால் அதைக் கெடுக்க உரிமை வந்துவிடாது. பின்னறைச் சர்வரில் ஓடிட்டி பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் அதை வாசிக்கத் தெரிந்தவர் உடனே கிடைப்பதில்லை. முதல் பத்து நிமிடத்தில் கைக்கு எட்டுவது வரலாறுதான். மேலும், வரலாற்றின் முதல் வேலை விசாரணையே அல்ல. மேலம்பை அழுத்தி, போன மாதம் தட்டிய நீளமான கட்டளையைத் திரும்ப எடுப்பதும், கன்ட்ரோல் ஆர் அழுத்தித் தேடுவதும் தினசரி வசதி. அந்த வசதியைப் பறிப்பதற்குத் தணிக்கை எப்படிச் செய்ய வேண்டும் என்ற பாடம் பதிலாகாது.

பேக்கப் செய்ததெல்லாம் வெளிப்படையாகத் தெரிவது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். தெரிய வேண்டும்தான். அதற்கு மென்பொருளின் சொந்தப் பதிவுக் கோப்பு இருக்கிறது, இயங்குதளத்தின் பதிவுச் சேவையான ஜேர்னல்டி இருக்கிறது, உள்நுழைந்த சாவியின் கைரேகையோடு எஸ்எஸ்எச்டி எழுதும் பதிவு இருக்கிறது. இவற்றில் நேரமும் வந்த முகவரியும் இருக்கும். பாஷ் வரலாற்றில் வந்த முகவரி ஒருபோதும் இல்லை. நேரமும் ஹிஸ்ட்டைம்ஃபோர்மட் என்ற மாறியை யாராவது முன்கூட்டியே அமைத்திருந்தால்தான் உண்டு. யாருடையது, எப்போதையது என்று தெரியாத வரிகளைக் குவிப்பதை வெளிப்படைத்தன்மை என்று சொல்ல முடியாது. சில கட்டளைகளோடு கடவுச்சொல்லோ அணுகல் வில்லையோ சேர்ந்து வந்தால் நிலைமை இன்னும் கெடும். அது வெறும் எழுத்தாக வரலாற்றில் படியும், அடுத்த பேக்கப் அந்த வரலாற்றுக் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடுக்கும், இரகசியம் எல்லாப் பிரதிகளிலும் பரவிவிடும். நோயாளர் விவரம் வைத்திருக்கும் மருந்தகம் ஒன்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

தயாரிப்பாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவர்களுடைய பொருள் பல வகை லினக்ஸ்களிலும் வேலை செய்ய வேண்டும். பழைய ரெட் ஹெட் வகை அமைப்புகளில் முனையம் இல்லாமல் சூடோ இயங்காது என்ற கட்டுப்பாடு வழமையாகவே இருந்தது. சூடோவோ எஸ்யூவோ கடவுச்சொல் கேட்கும்போது பதில் தட்டவும் முனையம் வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் புதிதாக இணைவது நேரத்தையும் வீணாக்கும். ஆகவே முனையத்தோடு ஒரு ஷெல்லைத் திறந்து அதையே கடைசிவரை பிடித்துக்கொண்டார்கள். காரணம் புரிகிறது. ஆனால் முனையம் வேண்டும் என்பதால் ஊடாட்ட ஷெல்லும் வேண்டும் என்று ஆகிவிடாது. எஸ்எஸ்எச்சில் முனையத்தையும் கேட்டு, கூடவே நிறைவேற்ற வேண்டிய கட்டளையையும் கொடுக்கலாம். அப்போது சூடோவுக்கு அதன் முனையம் கிடைக்கும், பாஷ் தன் வரலாற்றில் ஒன்றும் எழுதாது. அன்சிபிள் பல ஆண்டுகளாக இந்த வழியில்தான் ஆயிரக்கணக்கான சர்வர்களை நிர்வகிக்கிறது. திரும்பத் திரும்ப இணையும் செலவுக்கும் விடை இருக்கிறது: ஒரே எஸ்எஸ்எச் இணைப்புக்குள் பல அமர்வுகளை ஓட்டலாம், ஓப்பன்எஸ்எஸ்எச் வழமையாகவே பத்து வரை அனுமதிக்கிறது. இந்த விடைகள் புதியவை அல்ல என்பதால், இன்று வெளிவரும் ஒரு பதிப்பு பழைய வழியையே பிடித்துக்கொண்டிருந்தால் அதைக் கவனக்குறைவு என்றே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

‘இவ்வளவு பேச்சு எதற்கு, நிர்வாகி பாஷ் அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது’ என்பது கடைசி மறுப்பு. மாற்றிப் பார்த்தால் எதுவும் முழுதாகத் தீர்வதில்லை. இக்னோர்டூப்ஸ் என்ற அமைப்பு அடுத்தடுத்து வரும் ஒரே வரியைத்தான் தவிர்க்கும். நாற்பது வெவ்வேறு வரிகள் ஒரு வரிசையாகத் திரும்ப வரும்போது அது ஒன்றும் செய்யாது. இரேஸ்டூப்ஸ் பழைய நகல்களை நீக்கும், ஆனால் தற்காலிக அடைவின் பெயர் ஒவ்வொரு தடவையும் மாறினால் அந்த வரிகள் நகல்களே அல்ல. முன்னால் ஓர் இடைவெளி விட்டுக் கட்டளையை அனுப்பினால் பதிவாகாது என்ற உத்தி உபுண்டுவில் பலிக்கும். இக்னோர்டூப்ஸ் மட்டும் அமைந்த ரெட் ஹெட் வழமையில் பலிக்காது. ஹிஸ்ட்இக்னோரில் மாதிரிகளை எழுதிப் போட்டால் நிர்வாகி தானே தட்டும் அதே கட்டளைகளும் சேர்ந்து மறைந்துவிடும். மிக எளிதான வழி, பேக்கப் உள்ளே வந்தவுடன் ஹிஸ்ட்ஃபைல் மாறியை நீக்கிவிடுவது. அதுதான் இருப்பதில் மோசமான யோசனையும். ஊடுருவியவர்கள் முதலில் செய்வது அதுதான். கட்டளை வரலாற்றை அழிப்பதையும் அதன் பதிவை முடக்குவதையும் மைட்டர் அட்டாக் பட்டியல் தாக்குதல் உத்திகளாகவே குறித்துவைத்திருக்கிறது. கண்காணிப்பு மென்பொருள்கள் அதைக் கண்டு எச்சரிக்கை அடிக்கும். ஒவ்வோர் இரவும் பேக்கப்புக்காக அந்த எச்சரிக்கை அடித்தால், நிர்வாகி அதை அணைத்துவைப்பார். பிறகு உண்மையாகவே ஒருவர் உள்ளே வரும் இரவிலும் அது அணைந்தே இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு எந்தப் பொருளின் பெயரையும் சாராமல் நுழையும் முறையைச் சார்ந்தது. ஒற்றைச் சர்வர், ஒரு தொழில்நுட்பவியலாளர், தொலைவில் ஒரு பிரதி என்ற நிலைமைக்குப் போர்க், ரெஸ்டிக் இரண்டில் ஒன்று போதும். வரலாற்றைத் தொடாது, தரவை மறையாக்கம் செய்து அனுப்பும், மறுபடி மறுபடி வரும் துண்டுகளை ஒரு தடவையே சேமிக்கும் என்பதால் மெதுவான இணைய இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும். இவற்றில் போர்க்கை நான் சற்று மேலே வைப்பேன். பெறும் முனையில் அங்கீகரித்த சாவிகளின் கோப்பில் அந்தச் சாவிக்கு ‘போர்க் சேர்வ்’ தவிர வேறெதையும் இயக்க முடியாதபடி பூட்டி, சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறையிலும் வைக்கலாம். அப்போது சர்வரைப் பிடித்தவரால்கூடப் பழைய பிரதிகளை எளிதில் அழிக்க முடியாது. இவற்றின் குறை, சொந்த வரைகலை முகப்பு இல்லாததும் மீட்டெடுக்கும் முறையை ஒருவர் கற்றுவைத்திருக்க வேண்டியதும். மெய்நிகர் இயந்திரங்கள் பல இருக்கும் அலுவலகத்துக்குத் தளத்தின் மட்டத்திலேயே பேக்கப் எடுப்பது நல்லது. வரைகலை முகப்பும் தொலைபேசி ஆதரவும் வேண்டும் என்பவர்கள் வணிகப் பொருளை வாங்குவதில் தவறில்லை, ஆனால் பணம் கட்டுமுன் பரீட்சார்த்தப் பதிப்பை நிறுவி மேலே சொன்ன எண்ணிக்கையை எடுக்க வேண்டும். ஒரு வரி சேர்ந்தாலும் அது ஏன் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அரச நிறுவனங்கள் கேள்விப்பத்திர நிபந்தனைகளிலேயே இதைச் சேர்த்துவிடலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இடைக்காலப் பரிகாரம் உண்டு. பேக்கப்புக்கு ரூட்டைக் கொடுக்காமல் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, தேவையான கட்டளைகளை மட்டும் சூடோவில் அனுமதித்தால், குப்பை முழுவதும் அந்தக் கணக்கின் வரலாற்றிலேயே தங்கும். பொருள் ரூட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ரூட்டின் பாஷ் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் ஒரு நிபந்தனை எழுதலாம்: எஸ்எஸ்எச் வழியாக நேரடியாக வந்தவரின் முகவரி பேக்கப் சர்வருடையதாக இருந்தால், ஹிஸ்ட்ஃபைலை வேறொரு கோப்புக்குத் திருப்பு. எதுவும் அழிவதில்லை, பிரிந்து நிற்கிறது. கூடவே புரொம்ப்ட்கமாண்ட் மாறியில் ‘ஹிஸ்டரி மைனஸ் ஏ’ சேர்த்துவிட்டால் மனிதரின் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் கோப்புக்குப் போகும், மின்வெட்டால் இழப்பதும் குறையும். பிரித்த அந்தத் தனிக் கோப்பை மாதத்துக்கு ஒரு தடவையாவது திறந்து வாசிப்பது நல்லது. ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரே வரிசையில் வரும் வரிகளுக்கு இடையே, பேக்கப் மென்பொருள் எழுதக் காரணமே இல்லாத ஒரு வரி இருந்தால், சர்வரை அணைக்காமல் வலையமைப்பிலிருந்து மட்டும் துண்டித்துவிட்டு, மென்பொருள் விற்றவரை அழைப்பதற்கு முன் நாட்டின் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவான இலங்கை சேர்ட்டை அழைக்க வேண்டும்.